சார்ஜ் லைட்

...ஏறாவிட்டால் ஏறாமல் கிடக்கட்டும், எனக்கென்ன வந்தது, என் வேனா, என் பற்றரியா, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்டனேற்றரைப் புதுசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம், மாற்றித் தரட்டாம், “ஒரு மணித்தியாலத்துல முடிச்சிரலாந்தானே நானா” என்று கூடப்பிறந்த அண்ணனைக் கேட்பது போலக் கேட்கிறான், முடிக்கலாம், ஏன் முடிக்க ஏலாது, முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும், ஒல்டனேற்றர் தெரியாது, அது அடியில் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், கீழே படுத்துக் கையை மேலே விட்டால்தான் எட்டும், விட்டால் முழங்கையில் தோல் உரியும், இதெல்லாம் கட்டாரில் ஏழு வருஷம் ஏசி லொறிக்குள் இருந்துவிட்டு வந்தவனுக்கு எங்கே தெரியப்போகிறது. சாக்கை விரித்து மல்லாந்து கிடக்கிறேன். நெற்றியில் ஒரு சொட்டு ஒயில் விழுகிறது, துடைக்கக் கை இல்லை. சப்றாஸின் கால்கள் மட்டும்தான் இங்கிருந்து தெரிகின்றன, வெள்ளைச் சப்பாத்து, என்னுடைய கராஜுக்குள் வெள்ளைச் சப்பாத்தோடு வந்து என்னுடைய கதிரையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறான், என்னுடைய கராஜ், ஓம், இன்றைக்கு வரைக்கும் அப்படிச் சொல்லலாம், நாளைக் காலையில் சேர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போன பிறகு இந்த இடம் பர்ஸானாவின் சீதனம். பர்ஸானா என் பெண்சாதி முப்லிஹாவின் தங்கை. அவளைக் கட்டியவன்தான் இந்த வெள்ளைச் சப்பாத்து. பின்பக்கத்து வீடு எங்களுக்கு, அது முப்லிஹாவின் பெயரில், முன்பக்கத்து வெறுங்காணி அவளுடைய உம்மா, என் மாமியின் பெயரில், அந்த வெறுங்காணியில்தான் பதினாலு வருஷமாக என்னுடைய தகரக் கொட்டில் நிற்கிறது. மூன்று நாளைக்கு முன்னால் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் மாமி சொன்னா, பசியோடு இருக்கும்போது சொன்னால் நான் எழும்பிப் போய்விடுவேன் என்று அவவுக்குத் தெரியும், “மருமகன், றோட்டுப் பக்கம் சின்னவளுக்குத்தான், அவட வாப்பா மவுத்தாகக்குள்ள சொல்லிட்டுப் போனது, நீங்க கராஜப் பின்னால வெச்சிக்கங்களன்” என்று. பின்னால். பின்னால் இருக்கிற ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்புவதற்கே இறங்கித் தூக்க வேண்டும், அதற்குள் எந்த வாகனம் வரும், நான் என்ன சைக்கிளுக்கா வயரிங் செய்கிறேன்.

நான் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தேன், முப்லிஹாவைப் பார்த்தேன், அவள் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். என்னத்தைச் சொல்வது, ஏறாவூரில் ஆம்பிளைக்கு ஏது வீடு, வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, ஆம்பிளை கட்டிக் கொடுப்பான், பிறகு இன்னொருத்தி வீட்டில் போய் இருப்பான், என் வாப்பாவும் அப்படித்தான், அவருடைய வாப்பாவும் அப்படித்தான், அதைப் பற்றி யாரும் அழுததில்லை, நானும் அழவில்லை. எட்டு வருஷம் சவூதியில் பஸ் டிப்போ ஒன்றில் வயர் இழுத்தேன், மூத்த தங்கச்சிக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு, இரண்டுக்கும் மேலே கொங்கிறீற், வாசலுக்கு மாபிள், பிறகு ஒரு சூட்கேசையும் ஸ்பானர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு முப்லிஹாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். அந்த ஸ்பானர் பெட்டிக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்தக் கொட்டிலைப் போட்டேன், தூண் நான் நட்டது, தகரம் நான் ஏறி அடித்தது, மேசையில் இருக்கிற இடுக்கி நான் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது, என்னுடைய ஆயுசில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் இது... மண் மட்டும் என்னுடையதில்லை. மண் மட்டும்! சப்றாஸுக்குத் தங்கச்சி இல்லை, அக்கா முறைக்கு ஒரு தாத்தாவும் இல்லை, மூன்றும் ஆம்பிளைப் பிள்ளைகள், அதுதான் இவனுடைய கெட்டித்தனம் முழுவதும், உழைத்ததைக் கொண்டுவந்து வேன் வாங்கினான், ஊரே வாயைப் பிளந்தது, நானும் இரண்டு வீட்டையும் உருட்டிக்கொண்டு தெருவில் ஓடியிருந்தால் எனக்கும் வாயைப் பிளந்திருப்பார்கள். பெல்ட்டை இழுத்துவிட்டு நட்டை இறுக்குகிறேன், விரல் வழுக்கி இரும்பில் அடிபடுகிறது, வாயில் வந்ததை விழுங்குகிறேன்.

“ஏறுதா நானா?”

இன்னும் பற்றரியே கொழுவவில்லை, அதற்குள் ஏறுதாவாம். “பொறு” என்றேன். வெளியே வந்து, பற்றரியைக் கொழுவி, அவனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மீற்றரின் சிவப்பையும் கறுப்பையும் பற்றரியில் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு புள்ளி ஒன்று வோல்ட், எஞ்சின் ஓடுகிறது, புது ஒல்டனேற்றர் சுற்றுகிறது, முள் அசையாமல் நிற்கிற கடிகாரத்தைப் போல அதே பன்னிரண்டு புள்ளி ஒன்று, கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு, ஏறுகிற எண்ணமே இல்லை, இறங்குகிறது. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை, சின்னதாக, வெட்கமில்லாமல் வந்தது, நல்லா வேணும் உனக்கு, காசைக் கொண்டுபோய்ப் பொருளாகக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவன், இப்போது என்ன செய்யப்போகிறாய். “இது உன்ட ஒல்டனேற்றர்ட பழுது இல்ல” என்றேன். அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். “ராவைக்கு எயார்போட் ஹயர் ஒண்டு இருக்கு நானா, இஷா தொழுதிட்டு வெளிக்கிடணும், குவைத்துக்குப் போற ரெண்டு பொம்புளைகள்” என்றான், அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, அந்த அமைதியைத்தான் எனக்குப் பிடிக்காது, என்ன சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இருப்பான், மாமி அதைத்தான் மரியாதை என்கிறா. அந்த நேரம் பார்த்து மாமியே தேநீரோடு வந்தா. இவனுக்குச் சோசரோடு கோப்பை. எனக்குக் கிளாஸ், அடியில் கீறல் விழுந்த கிளாஸ், பதினாலு வருஷமாக அதே கிளாஸ். “பெரிய மருமகன் கவனமாச் செய்ங்க, புள்ளையள் போற வாகனம்” என்றா. நான் இதுவரைக்கும் கவனமில்லாமல் செய்தது எது என்று கேட்க வாய் வந்தது, தேநீரைக் குடித்தேன், சீனி கூடிப்போயிருந்தது.

சரி, எங்கே பழுது... ஒல்டனேற்றர் என்பது சும்மா சுற்றிவிட்டால் கரண்ட் கொடுக்கிற சாமான் இல்லை, முதலில் அதைக் கொஞ்சம் எழுப்ப வேண்டும், ஸ்டார்ட் பண்ணத் திறப்பைப் போட்டுத் திருப்பியதும் பற்றரியிலிருந்து ஒரு சொட்டுக் கரண்ட் மெல்லிய வயர் ஒன்றின் வழியாக அதற்குப் போகும், போகிற வழியில் டாஷ்போட்டில் பற்றரிப் படம் போட்ட சிவப்பு லைட்டுக்குள்ளால் போகும், அதனால் லைட் எரியும், எஞ்சின் ஓடி ஒல்டனேற்றர் எழும்பிவிட்டால் லைட் அணையும். லைட் அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். இவ்வளவுதான் விஷயம், எந்தப் பழைய வாகனமும் இதுதான். தடித்த வயர் உழைப்பதைக் கொண்டுபோக, மெல்லிய வயர் எழுப்பிவிட. நான் திறப்பை எடுத்து ஒரு பல் திருப்பினேன், ஒயில் லைட் எரிகிறது, பிரேக் லைட் எரிகிறது, பற்றரி லைட் எரியவில்லை. அப்ப இதுதான். “இது எப்ப இருந்து எரியல்ல?” என்று கேட்டேன். சப்றாஸ் கோப்பையைச் சோசரில் வைத்தான், அதன் காதை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, “அது எரியிறல்லதானே நானா, கனகாலமா” என்றான். கனகாலமாக! சிவப்பு லைட் எரியாத வேனைக் கனகாலமாக ஓட்டியிருக்கிறான் பேயன், இவனுக்கு லைசன் கொடுத்தவனைப் பிடித்துக் கட்டி வைக்க வேண்டும். மீற்றர்ப் பெட்டியைக் கழற்றி பல்பைப் பார்த்தேன், பல்ப் நல்லம். அப்ப வயர். கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கினேன், வயர்க் கட்டை இழுத்தேன், வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட மெல்லிய வயர், அதை விரலுக்குள் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், போய்... இடப்பக்க மூலையில், விரிப்புக்கு அடியில், வயர் வெட்டுப்பட்டிருந்தது. அறுந்தது இல்லை, எலி கடித்ததும் இல்லை, நேராக வெட்டி, இரண்டு நுனிக்கும் தனித்தனியாகப் பசை ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றி, ரேப்பின் நுனி கழலாமல் நீல நைலோன் நூலால் முடிச்சுப் போட்டிருந்தது.

அந்த முடிச்சு என்னுடையது. இந்த ஊர் வெயிலுக்கு ரேப்பின் பசை உருகிக் கழன்று போகும் என்று, என் வாப்பா ஆற்றங்கரையில் கிழிந்த வலையைப் பொத்தும்போது போடுகிற அதே முடிச்சை ரேப்புக்கு மேலே போடுகிறவன் வாழைச்சேனைக்கும் காத்தான்குடிக்கும் இடையில் நான் ஒருவன்தான், இரண்டு சுற்று, உள்ளே ஒரு இழுப்பு, பல்லால் கடித்து அறுத்த நுனி, ஊரில் கராஜ் வைத்திருக்கிற எல்லா பாஸ்மாரும் பகிடி பண்ணுவார்கள், றமீஸ் வயரில் மீன் பிடிக்கிறான் என்று. நான் விரிப்பை மூடினேன். பிறகு திறந்தேன், மூடினால் மட்டும் இல்லாமல் போகுமா. சப்றாஸ் பார்க்கிறானா, இல்லை, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான்... எப்போது, எப்போது செய்தேன், போன வருஷம், ஓம், போன வருஷம் நோன்புக்குள், வேனைக் கொண்டுவந்து நிறுத்திய முதல் நாள். றேடியோ பூட்டத் தந்தான். அப்போதே இந்தச் சிவப்பு லைட் எஞ்சின் ஓடும்போதும் முழுதாக அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது, எங்கேயோ ஒரு பிணக்கு, தேட வேண்டும், தேட நேரமில்லை, நாக்கு வறண்டு கிடக்கிறது, வாசலில் அரைவாசி ஊர் நிற்கிறது, பர்ஸானா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கிறாள், மாமி வேனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னா, “அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் நம்மட வாசல்ல ஒரு வாகனம் நிக்கிது” என்று. இப்பதான். பதினாலு வருஷமாக அந்த வாசலில் லொறி நின்றிருக்கிறது, ட்ரக்டர் நின்றிருக்கிறது, ஆஸ்பத்திரி அம்பியூலன்ஸ் ஒரு தரம் நின்றிருக்கிறது, எல்லாம் பேயா ஓட்டி வந்தது. அந்த நேரம் நான் வேனுக்குள் குனிந்துகொண்டிருந்தேன். லைட் எரியக்கூடாது என்றால் வயரை வெட்டினால் எரியாது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வெட்டினேன், கட்டினேன், “லைட் சரியா நானா?” என்று கேட்டான், “சரி” என்றேன். பெருநாள் முடியத் திரும்பவும் பார்த்துச் சேர்த்து விடலாம் என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்ததாகத்தான் ஞாபகம்... மாமி அதைச் சொன்னது வெட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் நான் சோம்பேறி, அவ்வளவுதான், நோன்புக் களைப்பில் வேலையை ஒப்பேற்றிய ஒரு சோம்பேறி பாஸ். முன்னால் என்றால்? ஒல்டனேற்றர் எழும்ப அந்த வயர் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு?

சில நேரம் ஏறியிருக்கும், அதுதான் ஒரு வருஷம் ஓடியிருக்கிறது, மிதித்து ஓட்டினால் தானாகவே எழும்பிக்கொள்ளும், மெதுவாக ஊர்ந்தால் எழும்பாது, எழும்பாவிட்டால் சொல்வதற்கு லைட்டும் இல்லை, லைட்டைத்தான் நான் வாயைப் பொத்தி வைத்துவிட்டேனே. போன மாசம் பிள்ளையைக் கொழும்புக்கு கிளினிக் கொண்டு போகும்போது... யா அல்லாஹ். அந்தக் கதையை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொன்னது, புணானை தாண்டி வெலிக்கந்தைக்கு இங்காலே, ஓட்டமாவடியில் நிறுத்திப் பால் கொடுத்துவிட்டு எடுத்தார்களாம், மழைக்கு மெதுவாகப் போயிருக்கிறான், ஹெட்லைட் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, இல்லாமலே போய்விட்டது, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டார்ட் அடித்தால் டிக் என்ற சத்தம் மட்டும், முன்னால் றோட்டைக் குறுக்கறுத்து யானைகள். இரண்டு மணித்தியாலம். பர்ஸானா மூன்று வயசுப் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாளாம், ஒரு யானை வந்து கதவுப் பக்கம் நின்று மூச்சு விட்டதாம், கண்ணாடியில் ஈரம் படிந்ததாம். மறுநாள் தேநீர்க் கடையில் இதை ஒருவர் சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, “கட்டார் டிறைவருக்கு யானை சலூட் அடிக்க வந்திருக்கும்” என்று சொல்லிச் சிரித்தேன், கடை முழுக்கச் சிரித்தது, வாகனம் வைத்திருக்கத் தெரியாதவன் என்று நானே பெயரும் வைத்தேன். பர்ஸானாவுக்கு என்னோடு என்ன பகை, அவளுடைய கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு மத்தியானச் சாப்பாடு கராஜுக்குக் கொண்டு வந்தவள் அவள்தான், மச்சான் கையைக் கழுவுங்க என்று சோப்பையும் சேர்த்துக் கொண்டு வருவாள்.

சொல்லிவிடலாமா. இப்போதே எழும்பி, சப்றாஸ், இது நான் வெட்டினது, மறந்து போனேன் என்று. சொன்னால் நாளைக்குச் சேர்வேயர் வருமுன்னே மாமி என்னுடைய ஸ்பானர் பெட்டியை ஒழுங்கைக்குள் வைத்துவிடுவா, அதுவும் நியாயத்தோடு, வைத்துவிட்டு ஊருக்கும் சொல்லுவா, பிறகு ஏறாவூரில் எவன் எனக்கு வாகனம் தருவான், கொட்டிலும் போய்ப் பெயரும் போனால் நான் என்னத்தை வைத்துக்கொண்டு பிழைப்பது. இல்லை, சொல்ல ஏலாது. கட்டரை எடுத்து இரண்டு முடிச்சையும் நறுக்கி எடுத்தேன், சட்டைப் பைக்குள் போட்டேன், அதற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது, இவன் இந்த வேனை வாங்காவிட்டால் இது ஒன்றும் நடந்திராதே. புதுத் துண்டு வயர் வைத்து முறுக்கி, ஈயம் உருக்கி ஒட்டினேன், ரேப் சுற்றினேன், நூல் கட்டவில்லை. பிறகு போன வருஷம் தேடாமல் விட்டதைத் தேடினேன். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. ஒல்டனேற்றரிலிருந்து பற்றரிக்குப் போகிற தடித்த வயரின் நுனியில், பித்தளை வளையத்துக்குள், பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது, இந்த உப்புக் காற்றுக்கு எல்லா வாகனத்துக்கும் வருகிறதுதான், உழைத்த கரண்ட் போக வழியில்லாமல் லைட்டுக்குள்ளால் திரும்பி வந்திருக்கிறது, அதுதான் அந்த மங்கல். பத்து நிமிஷம்! அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்திருந்தால்... பழைய வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, என்னிடம் இருந்ததிலேயே தடித்த செம்பு வயரை வெட்டி, இரண்டு நுனிக்கும் புது வளையம் வைத்து அடித்து, ஈயம் ஊற்றி, நடுவில் பெரிய பியூஸ் ஒன்று வைத்து, எஞ்சின் சூடு படாத பக்கத்தால் இழுத்துக் கட்டினேன், யாருக்கும் இப்படிச் செய்து கொடுத்ததில்லை. திரும்பவும் கீழே படுத்து நட்டை இறுக்கும்போது ஓர் எண்ணம் வந்தது, அரைச் சுற்றுக் குறைத்து விட்டால் போதும், ஒரு மாசத்தில் குலுங்கிக் குலுங்கிக் கழன்று விடும், யாருக்கும் தெரியாது, றோட்டுத்தான் காரணம். நான் கூப்பிடவில்லை, அதுவாகவே வந்தது, தேநீர் குடிக்கிற யோசனை வருவது போல அவ்வளவு லேசாக வந்தது. அதுதான் எனக்குப் பயம். இப்போதே இவ்வளவு லேசாக வருகிறது என்றால் அன்றைக்கு வராமலா இருந்திருக்கும்? ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கினேன், இதற்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும் என்கிற வரைக்கும் இறுக்கினேன்.

“போடு திறப்ப” என்றேன். போட்டான். சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது, ஒரு வருஷத்துக்குப் பிறகு. ஸ்டார்ட் அடித்தான், எஞ்சின் பிடித்தது, லைட் அணைந்தது, முழுதாக அணைந்தது, மங்கல் கூட இல்லை. மீற்றரை வைத்தேன், பதின்மூன்று, பதின்மூன்றரை, பதினாலு புள்ளி இரண்டில் போய் நின்றது. ஹெட்லைட் போடச் சொன்னேன், ஃபேன் போடச் சொன்னேன், எல்லாம் போட்டும் பதினாலுக்குக் கீழே இறங்கவில்லை. வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வரும். பள்ளியில் பின்னேரத் தொழுகைக்கு, அசருக்கு, பாங்கு சொல்கிறார்கள். மாமி தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலிருந்து வந்தா, கோப்பையை எடுக்க, எடுத்துக்கொண்டே “என்னவாம் பழுது?” என்று கேட்டா, என்னிடம் இல்லை, அவனிடம். நான் மீற்றரின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். சப்றாஸ் பொனட்டும் இல்லாத அந்த வேனின் முன்பக்கத்தைத் தட்டிவிட்டு, “பழைய ஒல்டனேற்றர் எரிஞ்சி போயிட்டு மாமி, புதுசு போட்டதும் சரி” என்றான். “அதான் நான் அண்டைக்கே சொன்னன்” என்றா மாமி, அவ அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கோப்பையையும் என் கிளாஸையும் எடுத்துக்கொண்டு போனா.

பழைய ஒல்டனேற்றர் என்றா சொன்னான்? ஒல்டனேற்றரில் பழுதில்லை என்று நான்தானே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னேன், இவன் காதில் விழவில்லையா. நான் சாக்கைச் சுருட்டினேன், அவன் முகத்தைப் பார்க்காமல் சுருட்டினேன். அவன் சீட்டை இறக்கிக் கொக்கி போட்டான், கையைத் துடைக்க என்னுடைய பழந்துணியை எடுத்தான், துடைத்துக்கொண்டே, விலை விசாரிக்கிற குரலில், “அந்த ரெண்டு நுனியையும் சேத்துட்டீங்கதானே நானா” என்றான்.

“எந்த நுனி?”

“விரிப்புக்குக் கீழ கெடந்தது.” துணியை மடித்து வைத்தான். “போன மாசம் யானைக்குள்ள மாட்டினமே, அடுத்த நாள் ஓட்டமாவடி பாஸுக்கிட்ட இழுத்துட்டுப் போனன். அவருதான் காட்டினாரு. நீல நூல். இது றமீஸ் நானாட கை, அவருட முடிச்ச நான் அவுக்கமாட்டன், அவருக்கிட்டயே கொண்டு போங்க எண்டுட்டாரு. அதுக்குப் பொறகு நான் ராவு ஹயர் ஒண்டும் எடுக்கல்ல.”

சுருட்டிய சாக்கைக் கீழே வைத்தேன். “அப்ப இந்த ஒல்டனேற்றர்... இத என்னத்துக்கு வாங்கின?”

“மாமிக்கும் பர்ஸானாக்கும் ஏதாவது ஒரு பழுது சொல்லணுமே நானா” என்றான், அதே அமைதி, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஏறி உட்கார்ந்தான், கண்ணாடியைச் சரிபார்த்தான், பெல்ட்டைப் போட்டான், எல்லாம் ஆறுதலாகச் செய்தான், பிறகு தலையை வெளியே நீட்டி, “நாளைக்கு அளக்க வரக்குள்ள நீங்களும் நில்லுங்க” என்றான். நான் “ஓம்” என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசிக்கிறேன், எதற்கு ஓம் சொன்னேன், நில்லுங்கள் என்றால் என்ன அர்த்தம், கொட்டிலை விட்டுத்தருகிறேன் என்கிறானா, இல்லை, இனி உங்களால் வாயைத் திறக்க ஏலாது, வந்து பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்கிறானா, ஒரு மாசமாக இதைக் கையில் வைத்துக்கொண்டா என்னுடைய தேநீர்க்கடைப் பகிடியெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தான்... நானாக இருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன், முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருப்பேன். வேன் பின்னால் எடுத்து, றோட்டில் ஏறி, பள்ளிப் பக்கம் திரும்பியது. சண்டை பிடித்துவிட்டுப் போயிருக்கலாம், ஓர் அறை அறைந்திருக்கலாம், எதைச் செய்திருந்தாலும் நான் திருப்பிச் செய்திருப்பேன், இப்படி விட்டுவிட்டுப் போனால் நான் இவனை எப்படி வெறுப்பது. கேட்கவே இல்லையே அவன். தெரிஞ்சா செஞ்சீங்க, தெரியாமலா என்று ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், எப்படியும் சொல்லியிருப்பேன், சொல்லும்போது என் குரல் எப்படி வருகிறது என்று கேட்டாவது எனக்குத் தெரிந்திருக்கும்.